நூலை மூடிய பின்னும் நிலைக்கும் ஆறுதல்



துன்ப வேளையில் நம்மில் பலர் ஒரு நூலைத் தேடுகிறோம். சிலருக்கு அது விவிலியம். சிலருக்குப் புனிதர் வரலாறு. சிலருக்குத் தாய் விட்டுச்சென்ற பழைய செபப் புத்தகம். தூக்கம் வராத இரவில் கைபேசியை எடுப்போரும் உண்டு. இவை எல்லாமே அந்த நேரத்துக்கு மனப்பாரத்தைக் குறைக்கின்றன. அப்படியானால் உண்மையான ஆறுதல் எது என்பதை எப்படி அறிவோம்? புனித லொயோலா இஞ்ஞாசியார் இதை நோய்ப்படுக்கையில் கற்றுக்கொண்டார்.

1521-ஆம் ஆண்டு மே மாதம், பம்பலோனாக் கோட்டையில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு பட்டு அவரது கால் முறிந்தது. லொயோலாவில் தம் குடும்ப இல்லத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். பொழுதுபோகத் தமக்குப் பிடித்த வீரர் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறுமே கிடைத்தன. வேறு வழியின்றிப் படிக்கத் தொடங்கினார்.

நாளடைவில் அவர் தம் உள்ளத்தைக் கவனித்தார். ஓர் உயர்குலப் பெண்மணிக்காக வீரச்செயல் புரிவதாகக் கற்பனை செய்தபோது மணிக்கணக்கில் மகிழ்ந்தார். அந்த நினைவு அகன்றதும் உள்ளம் வறண்டது. அசிசி பிரான்சிசைப்போல, தோமினிக்கைப்போல வாழ எண்ணியபோதும் மகிழ்ந்தார். அந்த எண்ணம் அகன்ற பின்னும் மகிழ்ச்சி தங்கியது. நினைக்கும்போது இரண்டும் இனித்தன. எது கடவுளிடமிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எம்மாவு சென்ற சீடர்களும், ஆண்டவர் மறைந்த பிறகே, வழியில் தங்கள் உள்ளம் பற்றி எரிந்ததை உணர்ந்தார்கள் அல்லவா?

அவர் படித்ததோடு நிற்கவில்லை. இயேசுவின் சொற்களைச் சிவப்பு மையிலும் அன்னை மரியாவின் சொற்களை நீல மையிலும், ஏறக்குறைய 300 தாள்களில் எழுதிவைத்தார். அந்தப் படுக்கையில் தொடங்கிய தெளிவே பின்னர் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலாக வளர்ந்தது. அவரது தோழர் புனித சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

நாமும் இதைச் செய்யலாம். ஒரு பக்கம் போதும், மெதுவாகப் படிப்போம். நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் அமைதியாக இருப்போம். ‘இப்போது என் உள்ளத்தில் மிஞ்சியிருப்பது என்ன? அருகில் இருப்பவரை அன்பு செய்ய இது என்னைத் தூண்டுகிறதா?’ என்று கேட்போம். உள்ளத்தைத் தொட்ட ஒரு சொல்லை எழுதிவைப்போம்.

ஆனால், எதைப் படித்தாலும் ஒன்றுமே தோன்றாத நாள்களும் வரும். வாழ்க்கைத்துணையை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பியவருக்கும், மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருப்பவருக்கும் இது தெரியும். கடவுள் கைவிட்டுவிட்டார் என்று அப்போது முடிவு கட்ட வேண்டாம். மனம் வறண்ட வேளையில், முன்பு தெளிவோடு எடுத்த நல்ல முடிவை மாற்றக்கூடாது என்பது இஞ்ஞாசியாரின் அறிவுரை. நூல் கையிலேயே இருக்கட்டும். படிக்க இயலாதவர் அருகில் நாம் அமர்ந்து, அவருக்காகப் படிப்போம்.

ஆண்டவரே, எங்களோடு நிலைத்திருக்கும் ஆறுதலை அடையாளம் காண எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.