எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி கட்டணங்கள்: காப்பீடு எப்போது வழங்கப்படும், எப்போது மறுக்கப்படும்?

தீராத வயிற்று வலி, இரத்த வாந்தி, மலத்தில் இரத்தம், மஞ்சள் காமாலை போன்ற காரணங்களுக்காக இரைப்பை குடல் மருத்துவரை நாடுவோருக்கு எண்டோஸ்கோப்பி அல்லது கொலனோஸ்கோப்பி பரிசோதனை அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் பரிசோதனையை முடித்துக்கொண்டவர்கள், பின்னர் தொகை மறுக்கப்படும்போது திகைப்படைகின்றனர். இத்தகைய மறுப்புகளுக்கு நோயைவிட, பரிசோதனை எந்த நோக்கத்திற்காகச் செய்யப்பட்டது என்பதும், மருத்துவமனை ஆவணங்களில் அது எவ்வாறு பதிவு செய்யப்பட்டுள்ளது என்பதுமே பெரும்பாலும் காரணமாகின்றன.

பரிசோதனையா, சிகிச்சையா?

ஒரே கருவியைக் கொண்டு இரண்டு வேறுபட்ட பணிகள் செய்யப்படுகின்றன. இரைப்பையின் உட்புறத்தைப் பார்த்து, தேவையெனில் சிறு திசு மாதிரி எடுப்பது நோயறிதல். இரத்தம் கசியும் நாளங்களுக்கு வளையமிடுதல், பெருங்குடலில் உள்ள பாலிப்பை அகற்றுதல், ஈ.ஆர்.சி.பி. முறையில் பித்தநாளக் கல்லை எடுத்து ஸ்டென்ட் பொருத்துதல் ஆகியவை சிகிச்சை. நோயாளியின் பார்வையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் அவை முற்றிலும் வேறானவை.

முன்பு ஓரிரு நாள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்த பல சிகிச்சைகள் இன்று சில மணி நேரத்தில் நிறைவடைகின்றன. இவற்றைப் ‘பகல்நேரச் சிகிச்சை’ என்ற பிரிவின்கீழ் காப்பீடு ஏற்றுக்கொள்கிறது. 24 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இவற்றுக்குப் பொருந்தாது. ஆயினும், வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்துகொள்ளப்படும் பரிசோதனைகள் இப்பிரிவில் அடங்கா. சாதாரண நோயறிதல் எண்டோஸ்கோப்பி அத்தகையதே.

“ஒரு நாள் அட்மிட் ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கிடைத்துவிடும்” என்று சிலர் அறிவுரை கூறுவதுண்டு. இது தவறான அறிவுரையாகும். நோயறிதலையும் மதிப்பீட்டையும் மட்டுமே முதன்மை நோக்கமாகக் கொண்ட அனுமதிக்குத் தொகை வழங்கப்படாது என்ற விலக்கு விதி பெரும்பாலான பாலிசிகளில் உள்ளது. ‘எக்ஸ்க்ளூஷன் 04’ எனக் குறிப்பிடப்படும் இவ்விதியின்படி, 24 மணி நேரத்திற்கும் மேலாகத் தங்கியிருந்தாலும் கோரிக்கை மறுக்கப்படலாம். அவ்வாறு நேர்ந்தால் பரிசோதனைக் கட்டணத்துடன் அறை வாடகையும் குடும்பத்தின் சுமையாகிவிடும்.

மாறாக, உண்மையாகவே சிகிச்சை தேவைப்பட்டு அனுமதிக்கப்பட்டவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் “வயிற்று வலி, மதிப்பீட்டுக்காக அனுமதி” என்று மட்டும் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. நரம்பு வழியாக மருந்து செலுத்தப்பட்டிருக்கலாம், இரத்தம் ஏற்றப்பட்டிருக்கலாம், நிற்காத வாந்தியால் உடலின் நீர்ச்சத்து குறைந்திருக்கலாம். இவை பதிவாகாவிடில் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரியவர வழியில்லை. வீடு திரும்புவதற்கு முன்பே சம்மரியைப் படித்துப் பார்த்து, அளிக்கப்பட்ட சிகிச்சைகள் யாவும் குறிப்பிடப்பட்டுள்ளனவா எனக் கேட்பது நோயாளியின் உரிமை. நடந்ததை முழுமையாக எழுதுமாறு கேட்கலாம். நடக்காததை எழுதுமாறு ஒருபோதும் கேட்கக் கூடாது.

புறநோயாளியாகச் செய்த பரிசோதனைக்குத் தொகை பெற இயலுமா?

பலரும் அறியாத ஒரு வாய்ப்பு இதில் உள்ளது. பரிசோதனையில் கண்டறியப்பட்ட அதே நோய்க்காகப் பின்னர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு, அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டால், அனுமதிக்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களுக்குள் செய்த பரிசோதனைகளின் செலவையும் கோரலாம். ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியில் இக்காலம் அனுமதிக்கு முன் 30 நாட்கள், வீடு திரும்பிய பின் 60 நாட்கள். சில பாலிசிகளில் இது கூடுதலாகவும் உள்ளது. எனவே எண்டோஸ்கோப்பி ரசீது, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, திசு ஆய்வு முடிவு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். பரிந்துரைச் சீட்டு இல்லாத ரசீதுகள் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகின்றன.

காத்திருப்புக் காலம்

புதிதாகப் பாலிசி எடுத்தவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பித்தப்பைக் கல், பித்தநாளக் கல், குடலிறக்கம், மூலம், ஆசனவாய் வெடிப்பு, பவுத்திரம், பாலிப் ஆகியவற்றுக்கு ஆரோக்கிய சஞ்சீவனி உள்ளிட்ட பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. கற்களைப் பொறுத்தவரை, புற்றுநோயால் ஏற்பட்ட பாதிப்புக்கு இது பொருந்தாது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம், 2024 முதல், அதிகபட்சம் 36 மாதங்கள் என வரையறுக்கப்பட்டுள்ளது. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடப்பில் இருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவலை மறைத்ததாகக் கூறிக் கோரிக்கையை மறுக்க இயலாது.

குடிப்பழக்கம் பற்றிய குறிப்பு

கல்லீரல், கணைய நோயாளிகளின் குடும்பத்தினருக்கு மிகுந்த துயரம் தரும் மறுப்பு இது. மதுப்பழக்கத்திற்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் பல பாலிசிகளில் விலக்கப்பட்டுள்ளன. கல்லீரல் சிரோசிஸ், கணைய அழற்சி ஆகிய நோய்களில், கேஸ் ஷீட்டில் மதுவைப் பற்றிய ஒரு வரி இருந்தாலே கோரிக்கை கேள்விக்குள்ளாகலாம்.

மருத்துவரிடம் இப்பழக்கத்தை மறைப்பது தீர்வாகாது. மது அருந்துவோருக்கு மருத்துவமனையில் திடீரென நிறுத்தப்படும்போது ஏற்படும் நடுக்கமும் வலிப்பும் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் அறிந்திருந்தால்தான் தடுக்க முடியும். ஆனால், சிரோசிஸுக்கு மது மட்டுமே காரணம் அன்று. ஹெபடைடிஸ் பி, சி தொற்றுகள், கொழுப்புக் கல்லீரல், தன்னெதிர்ப்பு நோய் ஆகியவையும் காரணங்களாகும். கணைய அழற்சி பித்தக் கல்லாலும் ஏற்படும். எப்போதாவது மது அருந்தியவர் என்ற குறிப்பு, நோய்க்கு அதுவே காரணம் என்பதற்கான சான்றாகாது. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ வேறு காரணத்தைக் காட்டியிருந்தால், அதனைக் குறிப்பிட்டுச் சிகிச்சையளித்த மருத்துவரிடம் சான்றிதழ் பெற்று மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம்.

அறை வாடகையால் ஏற்படும் பிடித்தம்

பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்கு ரூ.5,000 என வரம்பு இருக்க, ரூ.8,000 அறையில் தங்கினால், இழப்பு ரூ.3,000 உடன் முடிவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவையும் எட்டில் ஐந்து பங்காகக் குறைக்கப்படலாம். இக்கட்டணங்கள் ரூ.80,000 எனில் ரூ.50,000 மட்டுமே கிடைக்கும். மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் போன்ற பொருத்துகருவிகள் ஆகியவற்றின் விலையில் இவ்வாறு விகிதப்படி பிடித்தம் செய்யக் கூடாது. செய்திருந்தால் எழுத்து மூலம் கேள்வி எழுப்பலாம். ஸ்டென்ட் உறையில் உள்ள ஒட்டுச்சீட்டையும் அதன் விலைப்பட்டியலையும் கேட்டுப் பெறுங்கள்.

அரசுக் காப்பீட்டுத் திட்டம்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பயன்பெறலாம். இதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை, முன் அனுமதி பெற்ற பின்னர், அச்சிகிச்சைக்காக நோயாளியிடம் தனியே பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் அளிக்கலாம். முன் அனுமதிக்கு முன்பே பணம் செலுத்திச் சிகிச்சை பெற்றுவிட்டு, பின்னர் திட்டத்தில் திரும்பப் பெறலாம் என எண்ண வேண்டாம்.

மறுக்கப்பட்டால்

தனியார் பாலிசிகளில், ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது காப்பீட்டு நிறுவனம் 1 மணி நேரத்திற்குள்ளும், வீடு திரும்புவதற்கான இறுதி அனுமதி மீது 3 மணி நேரத்திற்குள்ளும் முடிவெடுக்க வேண்டும் என இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் அறிவுறுத்தியுள்ளது. இத்தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் வசூலித்தால் அதனைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். ரொக்கமில்லா வசதி மறுக்கப்படுவது கோரிக்கையே மறுக்கப்பட்டதாகப் பொருள்படாது. பணம் செலுத்திவிட்டு, அசல் ஆவணங்களுடன் பின்னர் விண்ணப்பிக்கலாம். ஆரோக்கிய சஞ்சீவனியில் இதற்கான அவகாசம் வீடு திரும்பிய நாளிலிருந்து 30 நாட்கள்.

இறுதியாக மறுக்கப்பட்டால், பாலிசியின் எந்த விதியின்படி என்பதைக் குறிப்பிடும் கடிதத்தைப் பெறுங்கள். தொலைபேசியில் கூறப்படும் காரணம் போதாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவளிக்காவிடினும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ரூ.50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழ்நாட்டிற்கான அலுவலகம் சென்னையில் இயங்குகிறது. ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளம் வாயிலாகவும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.