புதிய லினக்ஸில் பழைய பணிமேசை: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்காக நல்ல நிலையில் இருக்கும் கணினியைத் தூக்கிப் போட முடியுமா? அதனால்தான் கிள்ளானில் நான் உதவிக்குப் போகும் ஒரு டியூஷன் வகுப்பில் ஆறு கணினிகளுக்கும் லினக்ஸ் போட்டேன். செலவு இல்லை, வேகமும் கூடியது. எனக்கு ஒரே திருப்தி.

மறுநாளே தொலைபேசி அழைப்பு. "தம்பி, மெனு எங்க போச்சு? கீழே இருந்த பட்டையையும் காணோம். நாளைக்கு மாதிரித் தேர்வுத் தாள் கொடுக்கணும்." முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் டீச்சர் அவர். நான் போய்ச் சேர்வதற்குள் வினாத்தாளைக் கையாலேயே எழுதத் தொடங்கியிருந்தார். "எனக்கு இதெல்லாம் ஆகாதுப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தப்பு அவருடையது இல்லை. அவர் பழகியதை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியவன் நான்தான்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. இயங்குதளம் புதியதாகவே இருக்கட்டும். திரையின் தோற்றத்தை மட்டும் பழைய முறைக்குக் கொண்டுவரலாம்.

இயங்குதளம் வேறு, பணிமேசை வேறு

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பழைய கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பும் அஞ்சடியும் அப்படியே இருக்கும். உள்ளே மின்கம்பியும் குழாயும் புதிதாக மாற்றியிருப்பார்கள். லினக்ஸும் அப்படித்தான். உள்ளே இருப்பது கெர்னல், பாதுகாப்புத் திருத்தங்கள், அச்சுப்பொறிக்கான இயக்கிகள். வெளியே நாம் பார்க்கும் மெனு, பட்டை, சாளரம், கோப்பு அடுக்கு எல்லாம் சேர்ந்தது 'டெஸ்க்டாப்', அதாவது பணிமேசை. விண்டோஸில் இரண்டும் ஒட்டியே வரும். லினக்ஸில் ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம்.

பழைய பணிமேசை எப்படிப் பிழைத்தது?

2002 முதல் பலரும் பழகியது குனோம் 2. மேலே மெனு, கீழே பட்டை. 2011 ஏப்ரலில் வந்த குனோம் 3 இந்த அமைப்பை அடியோடு மாற்றியது. அதே மாதம் உபுண்டு 11.04 'யூனிட்டி' என்ற வேறொரு தோற்றத்துக்கு மாறியது. பயனர்களிடையே பெரிய சலசலப்பு.

அந்த ஆண்டிலேயே அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு நிரலாளர் குனோம் 2-இன் மூலநிரலை எடுத்துத் தனியாகத் தொடர்ந்தார். அதன் பெயர் 'மாத்தே'. தென் அமெரிக்காவில் இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் பானத்தின் பெயர் அது. இப்படிக் கிளை பிரிக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த உரிமையைக் கட்டற்ற மென்பொருள் உரிமமே தருகிறது.

மொழி ஆசிரியர்களுக்கு இதில் ஒரு சுவையான செய்தி. குனோம் 3-உம் அதே பெயர்களைப் பயன்படுத்தியதால் இரண்டையும் ஒரே கணினியில் வைத்தால் மோதல் வரும். அதனால் மாத்தேவில் செயலிகளுக்கு ஸ்பானியப் பெயர்கள் சூட்டினார்கள். கோப்பு மேலாளர் 'காஹா', பெட்டி என்று பொருள். உரை எழுதும் செயலி 'ப்ளூமா', அதாவது இறகு, பேனா. சாளரங்களைக் கட்டுப்படுத்துவது 'மார்க்கோ', அதாவது சட்டம்.

பெயரும் தோற்றமும்தான் பழையது என்று நினைக்க வேண்டாம். 2017-இல் வந்த மாத்தே 1.18, புதிய ஜிடிகே 3 நூலகத்துக்கு முழுமையாக மாறிவிட்டது. கேடிஈ 3.5-ஐ விரும்பியவர்களுக்கு இதுபோலவே 'டிரினிட்டி' என்ற பணிமேசை இருக்கிறது.

செய்முறை

1. முதலில் முக்கியக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.

2. புதிதாக லினக்ஸ் போடுபவர்கள் லினக்ஸ் மின்ட்டின் மாத்தே பதிப்பையோ உபுண்டு மாத்தேவையோ எடுக்கலாம். இவற்றைக் கணினியில் பதிக்காமல் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். ஒலி, வைஃபை, அச்சுப்பொறி, புரொஜெக்டர் நான்கையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

3. ஏற்கெனவே உபுண்டு இருந்தால் அதை அழிக்க வேண்டாம். மென்பொருள் தொகுப்புகளில் மாத்தே பணிமேசையைத் தேடி நிறுவுங்கள். உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

4. பிறகு வெளியேறி, உள்நுழையும் திரைக்கு வாருங்கள். உங்கள் பெயரைச் சொடுக்கினால் ஒரு பல்சக்கரக் குறி தெரியும். அதில் மாத்தேவைத் தேர்ந்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிடிக்கவில்லையா? அதே இடத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

5. 'மாத்தே ட்வீக்' என்ற கருவியில் 'ரெட்மண்ட்' அமைப்பைத் தேர்ந்தால் விண்டோஸ் போல ஒரே பட்டை கீழே வந்துவிடும்.

தமிழ்த் தட்டச்சு: இங்கேதான் பலரும் தடுமாறுவது

நானும் இங்கே சறுக்கினேன். குனோமில் தமிழ் விசைப்பலகையை அதன் அமைப்புகளிலேயே சேர்த்துவிடலாம். மாத்தேவுக்கு மாறியதும் அது வேலை செய்யாமல் போகலாம். 'ஐபஸ்' உள்ளீட்டு முறையையும் அதற்கான 'எம்17என்' தொகுப்பையும் நிறுவி, ஐபஸ்ஸை இயல்பு உள்ளீட்டு முறையாக வைத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். பின் ஐபஸ் விருப்பங்களில் தமிழ், தமிழ்99 என்று சேர்க்க வேண்டும்.

கவனிக்க: லினக்ஸின் சாதாரண விசைப்பலகைப் பட்டியலிலும் தமிழ்நெட்99 என்று ஒன்று உண்டு. அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற நேரடி அமைப்பு. தானாகப் புள்ளி வைக்காது. சோதிக்க எளிய வழி: அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டுங்கள். 'அம்மா' என்று வந்தால் சரியான தமிழ்99.

நம் நாட்டில் பலர் முரசு அஞ்சலின் ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவர்கள். அவர்களுக்கு எம்17என் தொகுப்பில் ஒலியியல் முறை இருக்கிறது. ஆனால் சில எழுத்துகளுக்கு விசை மாறும். ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்க.

எது கூடாது?

பழைய தோற்றம் வேண்டும் என்று பழைய லினக்ஸ் வெளியீட்டையே வைத்திருக்காதீர்கள். எடுத்துக்காட்டாக, குனோம் 2 வந்த உபுண்டு 10.04-இன் மேசைக்கணினிப் பதிப்புக்கு 2013-லேயே ஆதரவு நின்றுவிட்டது. மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் இருக்கும் கணினியில் அது ஆபத்து.

மாத்தேவுக்கும் குறைகள் உண்டு. அது பெரும்பாலும் பழைய எக்ஸ்11 காட்சி முறையையே நம்பியிருக்கிறது. மிக நுண்ணிய திரையையும் புரொஜெக்டரையும் ஒன்றாக இணைத்தால் எழுத்தளவு ஒத்துவராமல் போகலாம். தேர்வு வாரத்தில் எந்த மாற்றமும் வேண்டாம், விடுமுறையில் செய்யுங்கள்.

மாணவர்கள் நினைவில் கொள்ள

• கெர்னல்: வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே நிற்கும் இயங்குதளத்தின் மையப்பகுதி.
• பணிமேசைச் சூழல்: பயனர் காணும் வரைகலை இடைமுகம். மாற்றக்கூடியது.
• கிளை பிரித்தல்: ஒரு மென்பொருளின் மூலநிரலை எடுத்துத் தனித் திட்டமாக வளர்ப்பது. எடுத்துக்காட்டு: குனோம் 2-இலிருந்து மாத்தே.

அந்த டீச்சரின் கணினியில் இப்போது மாத்தேதான். விசைகளின் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த வினாத்தாளை அவரே தட்டச்சு செய்து, அவரே அச்சடித்தார். உங்கள் பள்ளியிலோ வகுப்பிலோ கணினியை மாற்றுவதாக இருந்தால், முதலில் ஒரு கணினியில் மட்டும் போட்டு, அதில் தினமும் வேலை செய்பவரை உட்காரவைத்துப் பாருங்கள். மற்றவை பிறகு.