எண்ணெயும் எழுதப்படாத உடன்படிக்கையும்: அல்ஜீரியா தரும் படிப்பினை

அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன், தமது 'முகத்திமா'வை 1377இல் நிறைவு செய்தது இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் தங்கியிருந்தபோதுதான். அரசின் இளமையில் குறைந்த வரி மிகுந்த வருவாய் தரும். முதுமையில் மிகுந்த வரியும் குறைந்த வருவாயே தரும் என்பது அவர் கண்ட உண்மை. குடிமக்களின் வரியைக் காட்டிலும் நிலத்தடி எண்ணெயை நம்பி வாழும் அரசு அவர் காலத்தில் இல்லை. அதே மண்ணில் இருபதாம் நூற்றாண்டில் அது உருவாயிற்று.

1971 பிப்ரவரியில் அதிபர் ஹவாரி பூமதீன் பிரெஞ்சு எண்ணெய் நிறுவனங்களின் 51 விழுக்காட்டுப் பங்கை நாட்டுடைமையாக்கினார். எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து அரசு வேலை வழங்கியது. ரொட்டிக்கும் பாலுக்கும் எரிபொருளுக்கும் மானியம் அளித்தது. அதற்கு ஈடாக மக்களிடம் அது எதிர்பார்த்தது மௌனம். எங்கும் எழுதப்படாத உடன்படிக்கை இது.

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. 1988 அக்டோபரில் இளைஞர்கள் வீதிக்கு வந்தனர்; இராணுவம் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1991 டிசம்பர் தேர்தலின் முதற்சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி வென்றதும், அடுத்த மாதமே இராணுவம் தேர்தலை நிறுத்தியது. தொடர்ந்த உள்நாட்டுப் போர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டதாக மதிப்பிடுவர். விலைச்சரிவு மட்டுமே இதற்குக் காரணமன்று. எனினும் உடன்படிக்கையைத் தாங்கிய தூணை முதலில் அசைத்தது அதுவே.

2011இல் அரபுலகம் கொந்தளித்தபோது விலை உயர்ந்திருந்தது. ஊதியத்தையும் மானியத்தையும் கூட்டி அரசு தப்பியது. 2014இல் விலை மீண்டும் சரிந்தது. ஏறத்தாழ 19,000 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணி இருப்பு 2020இன் இறுதிக்குள் 5,000 கோடிக்கும் கீழிறங்கியது. இதற்கிடையே, 2019 ஏப்ரலில் மக்கள் பேரெழுச்சியின் முன் அதிபர் பூதஃப்லிகா பதவி விலகினார்.

இதுவரை ஒவ்வொரு சரிவுக்குப் பின்னும் ஓர் ஏற்றம் வந்தது. 2022இல் உக்ரைன் போரால் ஐரோப்பா அல்ஜீரிய எரிவாயுவை மேலும் நாடியதும் அத்தகையதே. ஆனால் அதே ஐரோப்பிய ஒன்றியம், 2050க்குள் நிகர கரிம உமிழ்வை இல்லாதொழிக்க 2021இலேயே சட்டம் இயற்றிவிட்டது. வாங்குபவர் விடைபெறும் நாளை முன்னரே அறிவித்துவிட்டார். இனி வரக்கூடியது ஏற்றம் காணாத சரிவு. குறைந்த மக்கள்தொகையும் 1953 முதல் சேமித்த நிதியும் கொண்ட குவைத் அதைச் சிலகாலம் தாங்கலாம். நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட அல்ஜீரியாவுக்கு அந்த வசதி இல்லை.

எண்ணெய் குறையும்போது அரசு மக்களிடம் வரி கேட்டாக வேண்டும். வரி கொடுப்பவர் கணக்குக் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடையளிக்கும் மன்றங்களை வருவாய் உள்ளபோதே அமைத்துக்கொள்ளும் அரசே நிலைத்திருக்கும்.