புழுதியிலிருந்து கால் மைலுக்கு

ஹாட் ராட்னு சொன்னதும் தீச்சுவாலை வரைஞ்ச பளபளப்பான கார்தான் எனக்கு ஞாபகம் வரும். ஆனா அதோட ஆரம்பக் கதையைத் தேடிப் படிச்சப்போ என்னைப் பிடிச்சு இழுத்தது கார் இல்லை. தறிகெட்டு ஓட்டுறாங்கன்னு பேர் வாங்கின பையன்கள், தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கிட்ட விதம்தான்.

இடம், தெற்கு கலிஃபோர்னியா. 1930களில் பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்கள் அங்கே மலிவாகக் கிடைத்தன. மட்கார்டு, கூரை எல்லாவற்றையும் கழட்டிப் போட்டால் எடை குறையும். பிறகு எஞ்சினை நோண்ட வேண்டியதுதான். 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய காரிலேயே 65 குதிரைத்திறன் வி8 எஞ்சினை வைத்தது. அந்தக் கார்கள் பழசாகிக் கைமாறியபோது இவங்களுக்குக் கொண்டாட்டம்.

ஓட்டிப் பார்க்க மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிகள் இருந்தன: மியூராக், எல் மிராஜ். ஆரம்பத்தில் பல கார்கள் ஒரே நேரத்தில் பாயும். முன்னால் போறவனுக்குப் பாதை தெரியும், பின்னால் வர்றவனுக்குப் புழுதி மட்டும்தான். 1937இல் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷனைத் தொடங்கின. கவனிங்க, பெயரில் ‘ரேஸ்’ இல்லை, ‘டைமிங்’தான் இருக்கு. போகப் போக ஒவ்வொரு காராக ஓடி, கடிகாரத்தோடு மோதுவதே வழக்கமானது.

போருக்குப் பிறகு கூட்டம் பெருகியது. ஏரியோ நகரத்திலிருந்து வெகுதூரம். தெரு பக்கத்திலேயே இருந்தது. விபத்துகள் நடந்தன, ‘ஹாட் ராடர்’ என்றாலே ரவுடி என்ற பெயரும் வந்தது.

ஏரியில் ஓட்டிப் பழகிய வாலி பார்க்ஸ் 1951இல் நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனைத் தொடங்கினார். பந்தயம் ஊருக்குப் பக்கத்திலேயே, ஆனால் தெருவுக்கு வெளியே நடக்க வேண்டும். அதற்கு ஓடுபாதைகள் வசதியாக இருந்தன. 1950லேயே சாண்டா ஆனா விமான நிலையத்தில் பந்தயம் தொடங்கியிருந்தது. தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். காரைப் பரிசோதித்த பிறகுதான் ஓட்ட அனுமதி. 1953இல் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் போட்டி பொமோனாவின் பொருட்காட்சி மைதான கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. உள்ளூர் போலீஸே ஆதரவு!

தெரு ரேஸ் அதோடு ஒழிஞ்சுடலை. ஆனா புது கோடை நேரா லைவ் சர்வரில் ஏத்தாதேன்னு சொன்னா மட்டும் போதாது, சோதிக்க ஒரு சர்வரும் கொடுக்கணும்னு எங்க தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இவங்களும் அதைத்தான் செஞ்சாங்க.

அடுத்து பொன்வில் உப்புவெளி பத்தி எழுதணும்.