விதை இல்லாத கடற்பயிர்

பலாபத்வலப் பக்கத்துப் பெண்களுக்கு மிளகுக் கொடி நடச் சொல்லித்தரத் தேவையில்லை. கொடியில் ஒரு துண்டை வெட்டி மண்ணில் வைத்தால் வேர்விட்டுப் புதுக்கொடியாகிறது. பாடசாலைப் புத்தகத்தில் இதற்குப் பதியமுறை இனப்பெருக்கம் என்று பெயர். இதே வேலையைக் கடலிலும் செய்யலாம் என்பது மலைநாட்டில் இருப்பவர்களுக்குப் புதினமாகத் தோன்றலாம். பலாபத்வல வழியாகப் போகும் அதே ஏ9 வீதியில் வடக்கே சென்று, கிளிநொச்சியில் மேற்குக் கரைக்குத் திரும்பினால் வலைப்பாடு வரும். 2009 இல் போர் முடிந்த பின்னர், அங்குள்ள குடும்பங்கள் கடற்பாசி வளர்க்கத் தொடங்கின.

வளர்க்கும் பாசியின் பெயர் கப்பாபைகஸ் அல்வரேசி. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்தது. ஐஸ்கிறீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. இந்தியாவின் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1984 இல் இதைக் கொண்டுவந்து, பின்னர் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000 அளவில் பெப்சி கம்பனி ஒப்பந்த முறையில் இறங்கியதால், இராமநாதபுரத்துக் கரையில் இதற்குப் ‘பெப்சிப் பாசி’ என்றே பேர் வந்துவிட்டது. 2008 இல் அக்கம்பனி விலகி வேறொரு நிறுவனம் பொறுப்பெடுத்தது. பெயர் மட்டும் நிலைத்தது.

முறை எளிது. மூன்று மீற்றர் நீள அகலமான மூங்கில் மிதவையில் இருபது கயிறுகள் கட்டுவார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் மூன்று கிலோ பாசித் துண்டுகள். மொத்தம் 60 கிலோ. அடியில் வலை கட்டி மிதக்கவிட்டால், 45 நாளில் 200 முதல் 260 கிலோ வரை வளரும். அதில் 60 கிலோவை மறுபடி நடுவதற்கு எடுத்துவைத்து, மிச்சத்தை வெயிலில் காயப்போட வேண்டும். பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். ஆகவே 250 கிலோ அறுத்தவளுக்கு விற்கக் கிடைப்பது 19 கிலோ. ஒரு மிதவையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இராமநாதபுரத்துச் சுயஉதவிக் குழுக்களில் ஒருத்திக்கு 45 மிதவைகள் என்று கணக்கு வைத்தார்கள். நாளுக்கு ஒன்று அறுத்து, அன்றே திரும்ப நட்டால் வருமானம் நிற்காது.

நாற்றுக்குக் காசு கொடுக்காத பயிர் என்பதுதான் கைம்பெண்களுக்கும் தனித்துக் குடும்பம் சுமப்பவர்களுக்கும் இதிலுள்ள பெரிய வசதி. ஆனால் அந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. துண்டிலிருந்து துண்டாக வந்த பாசி எல்லாம் உண்மையில் ஒரே செடிதான். ஒன்றுக்குத் தாங்காத வெயில் எல்லாவற்றுக்கும் தாங்காது. கடல் சூடேறினாலோ, மழைத் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்தாலோ கிளைகள் வெளுத்து ஒடிந்துவிடும். இதை ‘ஐஸ்-ஐஸ்’ நோய் என்பார்கள். தமிழ்நாட்டுக் கரையில் 2013 ஐ ஒட்டிப் பாசி பெருமளவில் அழிந்து, உற்பத்தி சடுதியாக விழுந்தது. அப்போது நட வைத்திருந்த துண்டும் போயிற்று. திசு வளர்ப்பு மூலம் புதிய நாற்று தயாரிக்கும் வேலையை ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மிதவையிலிருந்து ஒடிந்து போகும் துண்டும் நாற்றுத்தானே! மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் இந்தப் பாசி படர்ந்து மூடுவதை ஆய்வாளர்கள் 2008 இல் எழுதினார்கள். கையால் பிடுங்கினாலும் எஞ்சிய சிறு துண்டு மறுபடி தழைக்கும். பவளப்பாறை அழிந்தால் மீன்படுவது குறையும். அதனால் மிதவை போடும் இடம் பாறைக்குத் தூரமாக இருக்க வேண்டும்.

எல்லாக் கடற்பாசியும் இப்படி வெட்டி நட முளைப்பதில்லை. குளிர்கடல்களில் முப்பது மீற்றருக்கு மேல் உயர்ந்து காடாக நிற்கும் இராட்சதக் கெல்ப் பாசியின் ஓர் இலையை வெட்டிக் கட்டினால் அது புதுச்செடி ஆகாது. அதன் நுண்ணிய ஆண், பெண் இழைகளைச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்தால் கருத்தரிக்காமல் ஆண்டுக்கணக்கில் வளரும். அவற்றை நறுக்கிப் பெருக்கலாம். தேவைப்படும்போது வெளிச்சத்தை மாற்றிக் குஞ்சுச்செடி எடுக்கலாம். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் கடல் சூடேறி இக்காடுகளில் 95 வீதத்துக்கு மேல் அழிந்துவிட்டன. தப்பி நிற்கும் செடிகளில் சூட்டைத் தாங்குபவற்றைப் பொறுக்கி, இந்த வழியில் பெருக்கி, மீள நடுகிறார்கள். ஒரே செடியை நம்பாமல் பல தாய்ச்செடிகளிலிருந்து எடுப்பதை நம்மவர்களும் கவனிக்கலாம்.

வடக்கிலுள்ள உறவுகளிடம் யாராவது கடற்பாசித் திட்டத்துடன் வந்தால், மிதவைக்கு யார் காசு கொடுப்பது என்பதோடு கேள்வியை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ந்த பாசியின் விலையை யார் தீர்மானிப்பது, மாரி மழைக்கு நாற்று அழிந்தால் அடுத்த நாற்று யார் செலவில் வரும், அதுவரை கடன் தவணை நிற்குமா? பதிலை எழுத்தில் வாங்கி மாதர் சங்கக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.