கொடுத்த எலக்ட்ரானும் பகிர்ந்த எலக்ட்ரானும்

சோடியம் அணுவின் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என மூன்று கூடுகளில் அமைந்துள்ளன. குளோரினின் 17 எலக்ட்ரான்கள் 2, 8, 7 என்று. சோடியத்தின் வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரான் குளோரினுக்குப் போய்விட்டால் இரண்டுக்குமே எட்டு நிரம்பிவிடும். கொடுத்தது நேர்மின் அயனியாகவும் வாங்கியது எதிர்மின் அயனியாகவும் மாறி ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இதுவே அயனிப் பிணைப்பு. சமையல் உப்பு இப்படி உருவானதுதான்.

உப்புப் படிகத்தில் சோடியமும் குளோரினும் ஜோடி ஜோடியாகத் தனித்து நிற்பதில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். கல்லுப்பைத் தட்டினால் ஓர் அடுக்கு இம்மியளவு நகர்கிறது. உடனே ஒத்த மின்சுமைகள் நேருக்கு நேர் வந்து விலக்கிக்கொள்ள, படிகம் வளையாமல் பிளக்கிறது. துண்டுகளும் பெரும்பாலும் சதுர முகங்களோடு விழுகின்றன. இந்த அடுக்கைக் குலைத்து உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும். திண்ம உப்பு மின்சாரத்தைக் கடத்தாது; உருக்கினாலோ நீரில் கரைத்தாலோ அயனிகளுக்கு நகர வழி கிடைப்பதால் கடத்தும்.

தண்ணீரில் கொடுக்கல் வாங்கல் இல்லை, பங்கீடுதான். ஆக்சிஜன் இரண்டு ஹைட்ரஜன்களுடனும் தலா ஓர் எலக்ட்ரான் ஜோடியைப் பகிர்ந்துகொள்கிறது. இது சகப்பிணைப்பு. பிணைப்பு என்பது பகிர்ந்த ஜோடி என்ற கருத்தை அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916-இல் முன்வைத்தார்.

தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடுவதைக் கொண்டு சகப்பிணைப்பு வலுவற்றது என்று மாணவர்கள் பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கொதிக்கும்போது மூலக்கூறுகள்தான் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. உள்ளிருக்கும் பிணைப்பு அறுவதில்லை, நீராவியும் தண்ணீர்தான். வைரத்திலோ தனி மூலக்கூறே கிடையாது, படிகம் முழுவதும் சகப்பிணைப்பு வலை. அதன் கடினம் ஊரறிந்தது.

இரண்டு வகைக்கும் நடுவே கறாரான எல்லைக்கோடும் இல்லை. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறனுக்கு லைனஸ் பாலிங் 1932-இல் ஓர் அளவுகோல் வகுத்தார். இன்றைய மதிப்புகளின்படி சோடியத்துக்கு 0.93, குளோரினுக்கு 3.16. வேறுபாடு பெரிது என்பதால் எலக்ட்ரான் ஏறக்குறைய முழுதாகவே இடம் மாறுகிறது. தண்ணீரில் வேறுபாடு 1.24, பகிர்ந்த ஜோடி ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது, அவ்வளவே.

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்ற பாடப்புத்தக விதி பெரும்பாலும் உதவும், எப்போதும் அல்ல. அலுமினியம் குளோரைடு ஏறத்தாழ 180 டிகிரியில் உருகாமலே ஆவியாகிறது. அந்த ஆவியில் இருப்பவை அயனிகளல்ல, இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட மூலக்கூறுகள். சுண்ணாம்புக்கல்லில் இரண்டு பிணைப்பும் உண்டு: கார்பனேட்டுக்குள் கார்பனும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பகிர்கின்றன, அந்தக் கார்பனேட் அயனியைக் கால்சியத்தோடு சேர்த்து வைப்பது மின்சுமைகளின் ஈர்ப்பு.