மைனஸ் முப்பத்து மூன்று

விமானத் துறையில் சுருக்கக் குறிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஐ.எல்.எஸ்., வி.ஓ.ஆர்., டி.எம்.இ. என்று தனி அகராதியே போடலாம். பெரும்பாலானவற்றுக்கு விரிவு தெரிந்தால் பாதி புரிந்துவிடும். சிலவற்றுக்கு விரிவே இல்லை. உதாரணமாக கியூ.என்.எச். இது தந்திக் காலத்து கியூ கோடு வரிசையில் வந்தது. எந்த மூன்று வார்த்தைகளின் முதலெழுத்தும் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டுவதற்காக உயரமானியில் வைக்கிற காற்றழுத்தம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் விரிவை மனப்பாடம் செய்வது பெரிய விஷயமே இல்லை. குறிக்குப் பின்னால் என்ன அலகு ஒளிந்திருக்கிறது என்பதுதான் விஷயம். இரண்டே குறிகளை எடுத்துக்கொள்வோம்: வி.எஸ்., எஃப்.பி.ஏ.

வி.எஸ். என்பது வெர்டிகல் ஸ்பீட். நிமிஷத்துக்கு எத்தனை அடி ஏறுகிறோம் அல்லது இறங்குகிறோம் என்ற கணக்கு. எஃப்.பி.ஏ. என்பது ஃபிளைட் பாத் ஆங்கிள். விமானம் போகிற பாதை தரைக்கு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது. "எப்படி இறங்கணும்?" என்ற ஒரே கேள்விக்கு ஒன்று வேகத்தில் பதில் சொல்கிறது, இன்னொன்று கோணத்தில்.

ஏர்பஸ் ஏ320 விமானத்தில் இரண்டுக்கும் ஒரே திருகுதான், ஒரே சின்னக் காட்சித் திரைதான். அருகில் உள்ள ஒரு பட்டனை அழுத்தினால் வி.எஸ்., எஃப்.பி.ஏ. ஆக மாறும். அதே பட்டன் திசைக் கணக்கையும் சேர்த்தே மாற்றும். (நம்ம பாஷையில் சொன்னால் ஒரு குளோபல் ஃபிளாக். பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.) ஆரம்பகால ஏ320களில் கோணம் என்றால் திரையில் -3.3 என்று வரும். நிமிஷத்துக்கு 3300 அடி என்றால் கடைசி இரண்டு சைபரை விட்டுவிட்டு -33 என்று வரும். வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி!

1992 ஜனவரி 20, இரவு. ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ320 ஒன்று லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போய்க்கொண்டிருந்தது. விமானிகள் முதலில் வேறு முறையில் இறங்கத் திட்டமிட்டிருந்தார்கள். அப்படியானால் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்ததும், வி.ஓ.ஆர். - டி.எம்.இ. முறைக்கு மாறினார்கள். அதில் திசையும் தூரமும் மட்டும்தான் தரையிலிருந்து கிடைக்கும். இறங்கும் சரிவை விமானிகளே பார்த்துக்கொள்ளணும். வேலை கூடியது, நேரம் குறைந்தது. அந்தப் பாதைக்கு வேண்டிய சரிவு 3.3 டிகிரி.

விமானம் நிமிஷத்துக்குச் சுமார் 3300 அடி வீதம் இறங்கி, வோஜ் மலையில் மோதியது. இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தார்கள்.

3.3 டிகிரி என்பது எவ்வளவு வேகம் என்று பாருங்கள். 145 நாட் வேகத்தில் போவதாக வைத்துக் கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 850 அடி வருகிறது. ஆக, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. விமானிகள் கோணம் என்று நினைத்து வி.எஸ். நிலையில் எண்ணைத் திருகியிருக்கலாம் என்பது விசாரணைக் குழு முன்வைத்த முக்கியமான சாத்தியங்களில் ஒன்று. வெளியே இருட்டு, மேகம். கண்ணால் பார்த்துத் திருத்தவும் வழியில்லை. தரை நெருங்கினால் கத்துகிற ஜி.பி.டபிள்யூ.எஸ். கருவியும் அந்த விமானத்தில் இல்லை.

இதை "விமானிகளின் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த நிலையில் இருக்கிறோம் என்று அந்தத் திரையிலும் எழுதியிருந்தது, எதிரிலுள்ள முதன்மைத் திரையிலும் எழுதியிருந்தது. உண்மைதான். ஆனால் அவசரத்தில் மனுஷன் தேடுவது எண்ணை. மனதில் 'மூணு, மூணு' என்று இருக்கும்போது, திரையிலும் இரண்டு மூணு தெரிந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். டைப் எழுதாத வேரியபிளை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க பக் தேடியவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

பிறகு ஏர்பஸ் செய்த மாற்றம் ரொம்பச் சின்னது. வி.எஸ். நிலையில் நான்கு இலக்கமும் தெரியும்படி திரையை மாற்றினார்கள். இன்று ஏ320 விமானி அறைப் படம் எதையாவது பெரிதாக்கிப் பாருங்கள். வி.எஸ். என்று இருந்தால், பெரிய எண்களுக்குப் பின்னால் இரண்டு குட்டி சைபர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.